வீட்டின் கரிமத் தடத்தைக் கணக்கிடுதல்

ஒரு வீட்டில் வாழ்வோரின் அன்றாடச் செயல்களால் ஓராண்டுக் காலத்தில் காற்றில் சேரும் பசுமை இல்ல வாயுக்களின் மொத்த அளவு அந்த வீட்டின் கரிமத் தடம் எனப்படுகிறது. கார்பன் தடம், கரிம அடிச்சுவடு என்ற பெயர்களும் வழக்கில் உள்ளன. இது கிலோகிராமிலோ டன்னிலோ கூறப்படும். மின்சாரம், சமையல் எரிவாயு, வாகன எரிபொருள் ஆகிய மூன்றுக்கும் கணக்கு எளியது. பெருக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் மின் கணக்கீட்டு அட்டையையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். உணவு, வாங்கும் பொருள்கள், குளிர்சாதனங்களிலிருந்து கசியும் வாயு ஆகியவற்றில்தான் சிக்கல். இந்த இரண்டாம் வகை பல வீடுகளில் முதல் வகைக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும். ஆகவே எளிதில் அளக்கக் கூடியதை மட்டும் அளந்துவிட்டு அதையே முழுக் கணக்கு என்று சொல்லக் கூடாது.

பெயர் வந்த வழி

1990-களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரீஸ், மாத்திஸ் வாக்கர்நாகல் ஆகியோர் 'சூழலியல் தடம்' என்ற கருத்தை உருவாக்கினர். ஒரு மனிதர் வாழ எவ்வளவு நிலப்பரப்பு தேவைப்படுகிறது என்பதை அது அளந்தது. கரிமத் தடம் அதிலிருந்து பிறந்த சொல். இது பரப்பை அளக்காமல் எடையை அளக்கிறது என்றாலும் 'தடம்' என்ற சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இச்சொல்லைப் பொதுமக்களிடம் பரப்பியதில் பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. 2000-களின் நடுவில் அந்நிறுவனம் ஒரு விளம்பர இயக்கம் நடத்தி, தனிமனிதர்கள் தங்கள் தடத்தைக் கணக்கிட இணையத்தில் ஒரு கணிப்பானையும் வைத்தது. எண்ணெய் தோண்டி விற்பவர் தம் பொறுப்பை வாங்குபவர் தலையில் ஏற்றும் உத்தி இது என்ற குறை அப்போது முதல் சொல்லப்படுகிறது. குறையில் நியாயம் உண்டு. அனல் மின் நிலையத்தை மூடுவதோ திறப்பதோ வீட்டுக்காரர் கையில் இல்லை. எனினும் எது பெரியது, எது சிறியது என்று தெரியாமல் எதையும் பேச முடியாது என்பதால் கணக்குக்கு அதற்குரிய பயன் உண்டு.

அலகு

பசுமை இல்ல வாயுக்கள் எல்லாம் ஒரே அளவில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. எனவே ஒவ்வொன்றையும், அதே வெப்ப விளைவைத் தரும் கார்பன் டை ஆக்சைடின் எடையாக மாற்றிச் சொல்வது மரபு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் ஐந்தாம் அறிக்கைப்படி, நூறாண்டுக் கால அளவில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 265 கிலோவுக்குச் சமம். நெல்வயலும் மாடும் குப்பை மேடும் கணக்குக்குள் வருவது மீத்தேன் வழியாகத்தான்.

கணக்கின் அடிப்படை ஒரே ஒரு பெருக்கல்:

பயன்படுத்திய அளவு × உமிழ்வுக் காரணி = வெளியேறிய வாயு

உமிழ்வுக் காரணி என்பது ஒரு யூனிட் மின்சாரத்துக்கோ ஒரு லிட்டர் பெட்ரோலுக்கோ எத்தனை கிலோ வாயு வெளியேறுகிறது என்பதைக் குறிக்கும் எண்.

மின்சாரம்

இந்தியாவின் மின்சாரத்துக்கு இந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அண்மைய ஆண்டுகளில் அது ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோவாக இருந்து வருகிறது. நிலக்கரியே இன்னும் பெரும்பங்கு மின்சாரத்தைத் தருவதால்தான் எண் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது. பிரிட்டனில் இது சுமார் 0.2 கிலோதான். அந்நாட்டுக்காக எழுதப்பட்ட இணையக் கணிப்பானில் தமிழ்நாட்டு வீட்டின் யூனிட்டுகளை இட்டால் விடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வருவதன் காரணம் இதுவே.

முப்பந்தல் காற்றாலைகளின் அடியில் வீடு இருந்தால் எண் குறையுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குறையாது. தென்னிந்திய மின் தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைக்கப்பட்டது. அதன் பின் நாடு முழுவதும் ஒரே குளம். ஆரல்வாய்மொழிக் காற்றும் சிங்கரௌலி நிலக்கரியும் அதில் கலந்தே வருகின்றன.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்கப்படுகிறது. இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, கணிப்பான் 'மாதப் பயன்பாடு' என்று கேட்கும் இடத்தில் இருமாத எண்ணை இடுவது, விடை இரட்டிப்பாகிவிடும். இரண்டாவது, யூனிட்டுக்குப் பதில் ரூபாயை எடுத்துக்கொள்வது. இருமாதத்துக்கு முதல் 100 யூனிட் இங்குக் கட்டணமில்லை. 95 யூனிட் எரித்த வீட்டின் கட்டணம் சுழியம். ஆனால் அதன் உமிழ்வு 68 கிலோ. மறுபுறம், 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண விகிதம் தாவுகிறது. உமிழ்வு அப்படித் தாவுவதில்லை. ரூபாய் மானியத்தையும் சேர்த்துக் காட்டும் எண். காற்றுக்கு மானியம் தெரியாது.

ஆறு கணக்கெடுப்புகளையும் கூட்டி ஓராண்டு எண்ணைப் பெற வேண்டும். அக்னி நட்சத்திர மாதத்து யூனிட்டை மட்டும் எடுத்து ஆறால் பெருக்கினால் கணக்கு வீங்கிவிடும். மார்கழி மாதத்தை எடுத்தால் சுருங்கிவிடும்.

மின்நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பகுதி மின்சாரம் கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் வெப்பமாக வீணாகிறது. 15 விழுக்காடு இழப்பு என்று கொண்டால், வீட்டில் ஒரு யூனிட் எரிய ஏறத்தாழ 1.18 யூனிட் உற்பத்தியாக வேண்டும். இந்த இழப்பைச் சேர்ப்பவர்களும் உண்டு, விடுபவர்களும் உண்டு. எதைச் செய்தோம் என்று குறித்து வைப்பது போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாருக்கும் மின்தூக்கிக்கும் தனியாக உள்ள பொது இணைப்பின் யூனிட்டுகளை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

எரிவாயுவும் பெட்ரோலும்

இங்குக் காரணியை எந்த அட்டவணையிலும் தேட வேண்டியதில்லை. பள்ளி வேதியியலே போதும். சமையல் எரிவாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மூலக்கூறு ஒன்றில் மூன்று கார்பன் அணுக்கள். 44 கிராம் புரோப்பேன் எரிந்தால் மூன்று பங்கு கார்பன் டை ஆக்சைடு, அதாவது 3 × 44 = 132 கிராம் உண்டாகிறது. சரியாக மூன்று மடங்கு. பியூட்டேனுக்கும் ஏறத்தாழ அதே விகிதம்தான். ஆகவே 14.2 கிலோ எரிவாயு உள்ள ஒரு சிலிண்டர் தீரும்போது 42.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கும்.

எரிந்த பொருளைவிடப் புகையின் எடை கூடுதலாக இருப்பது எப்படி என்ற ஐயம் வகுப்பில் எப்போதும் எழும். கார்பன் அணுவின் எடை 12. அது காற்றிலிருந்து 16 எடையுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 என்பது 44 ஆகிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவே, எரிந்தபின் 2.3 கிலோ வாயுவாகிறது. டீசலுக்கு இது 2.7 கிலோ. இப்போது விற்கப்படும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்திருப்பதால், தோண்டியெடுத்த கார்பனை மட்டும் கணக்கிடுவோர் 2.3-க்குப் பதில் ஏறத்தாழ 1.85 என்று கொள்வர். அப்படிச் செய்தால் எத்தனாலுக்காகக் கரும்பும் சோளமும் விளைவிக்க ஆன செலவைத் தனியே சேர்த்தாக வேண்டும். எளிய வீட்டுக் கணக்குக்கு 2.3 போதும்.

விறகு எரிக்கும் வீடுகளுக்கு விதி வேறு. வெட்டிய மரம் மீண்டும் தழைத்து அதே கார்பனை உறிஞ்சிக்கொள்ளும் என்றால் அதன் கார்பன் டை ஆக்சைடு சுழியமாகக் கொள்ளப்படுகிறது. வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கருவேலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அடுப்பு சரியாக எரியாதபோது வெளிவரும் மீத்தேனும் கரும்புகையும் சுழியமல்ல. சமைப்பவரின் நுரையீரலுக்கு அந்தப் புகை செய்வதோ இந்தக் கணக்கிலேயே வராது.

வாகனத்தில் லிட்டர் கணக்கு வைக்காதவர்கள், ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓடிய தூரத்தைக் குறித்து மைலேஜால் வகுத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டர் ஒரு கிலோமீட்டருக்கு 51 கிராம் உமிழ்கிறது. 15 கிலோமீட்டர் தரும் கார் 153 கிராம். பேருந்து லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் ஓடும் என்று கொண்டாலும், அதில் 45 பேர் சென்றால் ஆளுக்கு 12 கிராம். காலை எட்டரை மணிக்கு நகரப் பேருந்தில் படிக்கட்டு வரை நிற்பவர்களின் பங்கு இன்னும் குறைவு. விமானப் பயணத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 100 கிராம் என்று குறைத்துக் கொண்டாலும், நான்கு பேர் சென்னையிலிருந்து தில்லி சென்று திரும்பினால் 1,400 கிலோ ஆகிவிடும்.

ஒரு வீட்டின் கணக்கு

மதுரையில் நான்கு பேர் கொண்ட நடுத்தரக் குடும்பம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவர்களின் ஆறு கணக்கெடுப்புகள் முறையே 310, 480, 620, 510, 400, 320 யூனிட்டுகள், கூட்டினால் 2,640. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் தீர்கிறது. ஸ்கூட்டருக்கு 240 லிட்டரும் எப்போதாவது எடுக்கும் காருக்கு 200 லிட்டரும் பெட்ரோல் ஆகிறது.

மின்சாரம்: 2,640 × 0.72 = 1,901 கிலோ
எரிவாயு: 8 × 42.6 = 341 கிலோ
ஸ்கூட்டர்: 240 × 2.3 = 552 கிலோ
கார்: 200 × 2.3 = 460 கிலோ
மொத்தம்: 3,254 கிலோ

மின்கம்பி இழப்பு இதில் சேர்க்கப்படவில்லை. பாதிக்கு மேல் மின்சாரமே எடுத்துக்கொண்டுவிட்டதைக் காணலாம். நாள் முழுவதும் கண்ணெதிரே எரியும் அடுப்பு பத்தில் ஒரு பங்குதான்.

குளிர்சாதன வாயு

இந்த வீட்டில் ஓர் ஏ.சி. உண்டு. அது எரிக்கும் மின்சாரம் மேற்கண்ட யூனிட்டுகளில் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுற்றிவரும் வாயு எந்த மீட்டரிலும் பதிவாவதில்லை.

வீட்டு ஏ.சி. ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு இருக்கும். ஒன்றரை டன் ஏ.சி. என்பதில் வரும் டன் எடையல்ல. குளிர்விக்கும் திறனின் அளவு. பழைய ஏ.சி.களில் ஆர்-22, பின்னர் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது விற்பவற்றில் பெரும்பாலும் ஆர்-32 என்ற வாயு இருக்கும். ஏ.சி.யின் வெளி அலகில் ஒட்டப்பட்ட தகட்டில் வாயுவின் பெயரும் எடையும் அச்சிடப்பட்டிருக்கும். கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால் ஆர்-22 ஏறத்தாழ 1,800 மடங்கும், ஆர்-410ஏ ஏறத்தாழ 2,000 மடங்கும், ஆர்-32 ஏறத்தாழ 700 மடங்கும் வெப்பமாக்கும் திறன் கொண்டவை.

மதுரை வீட்டு ஏ.சி.யில் ஆர்-410ஏ இருந்து, அரைக் கிலோ கசிந்துபோனதாகக் கொண்டால், அது 1,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஸ்கூட்டரும் காரும் சேர்ந்து ஆண்டு முழுவதும் வெளியிட்டது 1,012 கிலோ. அடுப்பு வெளியிட்டதோ இதில் மூன்றில் ஒரு பங்கு. கோடை தொடங்கியதும் "கேஸ் குறைந்துவிட்டது" என்று மெக்கானிக் வந்து நிரப்பிவிட்டுப் போவது இதைத்தான். ஏ.சி. வாயு மண்ணெண்ணெய் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிவருவது அது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை உண்டு. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே கணக்குத்தான். வீடு மாறும்போது ஏ.சி.யைக் கழற்றுபவர் வாயுவை வெளி அலகுக்குள் இழுத்து அடைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் குழாயைத் திறந்துவிட்டால் ஒரு கிலோவும் காற்றோடு போய்விடும்.

இவ்வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மான்ட்ரியல் உடன்படிக்கையில் திருத்தம் செய்யப்பட்டது. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. இன்றைய குளிர்பதனப் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் பயன்படுவதால் அவற்றின் கசிவு பெரிய கணக்கல்ல.

வீட்டுக் கணக்கில் இதைச் சேர்க்க, மெக்கானிக்கிடம் எத்தனை கிராம் நிரப்பினார் என்று கேட்டு எழுதி வைத்தால் போதும். உருளையை எடைத் தராசில் வைத்து நிரப்புபவராக இருந்தால் உடனே சொல்லிவிடுவார்.

உணவு

2018-இல் ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் ஆகியோர் 119 நாடுகளின் சுமார் 38,000 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டனர். அதன் உலகச் சராசரிகளை முழு எண்ணாக்கிச் சொன்னால், ஒரு கிலோ அரிசிக்கு 4.5 கிலோ, ஒரு லிட்டர் பாலுக்கு 3, கோழிக்கறிக்கு 10, ஆட்டுக்கறிக்கு 40, பருப்பு வகைகளுக்கு 2-க்கும் கீழ்.

மதுரை வீட்டில் மாதம் 25 கிலோ அரிசி, நாளுக்கு ஒரு லிட்டர் பால், வாரம் ஒரு கிலோ கோழி, மாதம் ஒரு கிலோ ஆட்டுக்கறி என்றால் ஆண்டுக்கு முறையே 1,350, 1,095, 520, 480 என 3,445 கிலோ வருகிறது. மின்சாரம், எரிவாயு, பெட்ரோல் மூன்றும் சேர்ந்த அளவைவிடச் சற்றே அதிகம்.

ஆனால் இந்த எண்ணை அந்த எண்ணோடு ஒரே வரிசையில் எழுதிக் கூட்டிவிடக் கூடாது. சிலிண்டருக்கு 42.6 என்பது வேதியியல் தரும் விடை. எந்த ஊரிலும் மாறாது. அரிசிக்கு 4.5 என்பது உலகின் பல வயல்களின் சராசரி. நீர் தேங்கிய வயல் மண்ணில் ஆக்சிஜன் இல்லாதபோது நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நீரை வடியவிட்டுக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேன் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைகிறது. ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு மூட்டைகளின் தடம் வேறுபடலாம். மூட்டையைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எனவே உணவின் எண்ணைத் தனி வரிசையில், 'மதிப்பீடு' என்று குறித்து எழுதுவதே நேர்மையான முறை. அரிசியே உணவின் பெரும்பகுதியாக உள்ள வீட்டில் 'அரிசியைக் குறையுங்கள்' என்று இந்த எண்ணை வைத்து அறிவுரை சொல்வது பொருந்தாது. அந்த உமிழ்வு குறைய வேண்டிய இடம் வயல்.

வீடு கட்டுதல், நகை

ஆண்டுக் கணக்கில் வராமல், வாழ்வில் ஓரிரு முறை வரும் பெரிய எண்கள் சில உண்டு. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு வகையைப் பொறுத்து 30 முதல் 40 கிலோ வரை உமிழ்வு. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை தேவை. கம்பியும் செங்கலும் சேராமலேயே 14 டன் ஆகிவிடுகிறது; மதுரைக் குடும்பத்தின் நான்கு ஆண்டு மின்சாரமும் எரிவாயுவும் பெட்ரோலும் சேர்ந்த அளவு. இதை வீட்டின் ஆயுளான 50 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவது வழக்கம்.

புதிதாகச் சுரங்கத்திலிருந்து எடுத்த தங்கத்துக்குக் கிராமுக்கு 30 கிலோ என்ற அளவில் உமிழ்வு கணக்கிடப்படுகிறது. ஒரு பவுனுக்கு 240 கிலோ. பாட்டியின் சங்கிலியை உருக்கிச் செய்த நகைக்கு இது பொருந்தாது.

தலைக்கு வகுத்தலும் ஒப்பிடுதலும்

3,254 கிலோவை நான்கால் வகுத்தால் ஆளுக்கு 814 கிலோ. இதே வீட்டில் ஆறு பேர் இருந்தால் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் பெரும்பாலும் அவையே, தலைக்கணக்கு குறையும். தனியாக வாழும் முதியவரின் தலைக்கணக்கு அவர் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் உயர்ந்தே தெரியும். ஆகவே வீட்டு மொத்தத்தையும் தலைக்கணக்கையும் இரண்டையும் எழுத வேண்டும்.

இந்தியாவின் தலைக்குரிய கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன் என்று படித்துவிட்டு, '814 கிலோதானே, பாதிகூட இல்லை' என்று மகிழ்வது தவறான ஒப்பீடு. நாட்டுக் கணக்கில் உருக்காலையும் சிமென்ட் ஆலையும் சரக்கு லாரியும் உள்ளன. வீட்டுக் கணக்கில் அவை சேரவில்லை. அதே வீட்டின் சென்ற ஆண்டுக் கணக்கோடு, அதே காரணிகளையும் அதே எல்லைகளையும் வைத்து ஒப்பிடுவதே பயனுள்ளது. காரணி மாறியிருந்தால் இரண்டு ஆண்டுகளையும் ஒரே காரணியால் பெருக்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மின்நிலையத்தில் நடந்த மாற்றம் வீட்டின் சிக்கனம் போலத் தோன்றும்.

கூரையில் சூரிய மின் தகடு வைத்தவர்களின் அட்டையில், கொடுத்ததைக் கழித்த நிகர யூனிட் மட்டும் கண்ணில் படும். அவர்கள் மின்வாரியத்திலிருந்து வாங்கிய யூனிட்டையும் திருப்பிக் கொடுத்த யூனிட்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறியதும் பெரியதும்

கைப்பேசி மின்னேற்றியைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம். கைப்பேசியை ஒரு முறை முழுமையாக ஏற்ற ஏறத்தாழ 0.02 யூனிட் ஆகும். நாள்தோறும் ஏற்றினாலும் ஆண்டுக்கு 7 யூனிட், 5 கிலோ. பழைய வகை மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. வகை 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் சுழலும் ஒரு விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு 246 யூனிட், அதாவது 177 கிலோ மிச்சம். நான்கு விசிறிகளில் எது அதிக நேரம் சுழல்கிறதோ, பெரும்பாலும் கூடத்தில் உள்ளது, அதை முதலில் மாற்றினால் பலன் அதிகம். விலை கொடுத்து மாற்ற இயலாத வீட்டில், அந்த விசிறியின் கீழ் யாரும் இல்லாதபோது நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 54 கிராம் குறையும்.